பழைய சாம்சங் டேப்லெட்டில் டி.டபிள்யூ.ஆர்.பி. ரிக்கவரி நிறுவுவது எப்படி? குமரி மாவட்டப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் பழைய சாம்சங் டேப்லெட் ஒன்று அலமாரியில் கிடக்கும். எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு யாரோ விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. திரையில் ஒரு கீறல்கூட இருக்காது, சார்ஜ் போட்டால் உயிர் வரும், ஒலி தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒரு செயலியை நிறுவப் போனால் ‘இந்தக் கருவிக்குப் பொருந்தாது’ என்று வந்து நிற்கும். இணையதளத்தைத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வரும்.

இதற்குக் காரணம் கருவியின் உடம்பில் இல்லை, அதில் ஓடும் மென்பொருளின் வயதில் இருக்கிறது. செயலிகள் பலவும் பின்னணியில் சார்ந்திருக்கும் ப்ளே சர்வீசஸ் மென்பொருளின் புதுப்பிப்பை ஆண்ட்ராய்டு 4.4-க்கு கூகுள் 2023-இல் நிறுத்தியது. 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளில், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் புதிய மூலச் சான்றிதழ் கிடையாது. பழைய சான்றிதழ் வழியாகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அந்தச் சான்றிதழை நம்பியிருக்கும் ஏராளமான தளங்கள் இத்தகைய டேப்லெட்டுகளுக்கு அன்றோடு அந்நியமாகிவிட்டன.

நல்ல நிலையில் இருக்கும் கருவியை இதற்காகப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் புத்தகம் படிக்க, பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்க, தூத்தூர், வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் வானிலை அறிவிப்பைப் பெரிய திரையில் பார்க்க அது இன்னும் பயன்படும். அதற்குப் புதிய மென்பொருள் வேண்டும். புதிய மென்பொருளுக்கு முதல் வாசல் கஸ்டம் ரிக்கவரி, அதாவது நிறுவனம் கொடுத்ததற்குப் பதிலாக நாம் வைக்கும் மீட்பு மென்பொருள். இந்தக் கட்டுரை அந்த முதல் வாசலைத்தான் விரிவாகச் சொல்கிறது.

உதாரணமாக 2016-இல் வெளிவந்த கேலக்ஸி டேப் ஏ 10.1-ஐ எடுத்துக்கொள்கிறேன். வைஃபை மட்டும் உள்ளது எஸ்எம்-டி580 (SM-T580), சிம் போடுவது எஸ்எம்-டி585 (SM-T585). கீழே ஹோம் பொத்தான் உள்ள மற்ற சாம்சங் டேப்லெட்டுகளுக்கும் முறை பெரும்பாலும் இதுவே. மாறுவது கோப்புகள்தான். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் சொற்களை ஒலி மாறாமல் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துக்கொண்டே திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

டேப்லெட்டின் நினைவகம் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர். அது ‘பூட்’ பகுதியில் உள்ள கெர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரலை, எழுப்புகிறது, கெர்னல் ‘சிஸ்டம்’ பகுதியில் உள்ள ஆண்ட்ராய்டை எழுப்புகிறது. உங்கள் படங்களும் செயலிகளும் ‘டேட்டா’ பகுதியில் இருக்கின்றன. இவற்றோடு ‘ரிக்கவரி’ என்று ஒரு சிறு பகுதி தனியாக உண்டு. அதற்குச் சொந்தமாகவே ஒரு கெர்னல் இருப்பதால், ஆண்ட்ராய்டு முழுவதும் சிதைந்து போனாலும் ரிக்கவரி தனியாக எழுந்து வேலை செய்யும். முன்வாசல் தாழ்ப்பாள் உள்ளே விழுந்துவிட்டால் அடுக்களை வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவது போன்ற ஏற்பாடு இது.

நிறுவனம் கொடுத்த ரிக்கவரி சாம்சங்கின் கையொப்பம் உள்ள கோப்பை மட்டும் ஏற்கும். டீம் வின் ரிக்கவரி புராஜெக்ட், சுருக்கமாக டி.டபிள்யூ.ஆர்.பி., அந்தக் கட்டுப்பாடு இல்லாத மாற்று ரிக்கவரி. தொடுதிரையில் இயங்கும், கருவி முழுவதையும் நகலெடுக்கும், எடுத்த நகலைத் திரும்ப வைக்கும், லீனியேஜ் ஓ.எஸ். போன்ற புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளை நிறுவும்.

புதியவர்கள் ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நாம் எழுதப்போவது ரிக்கவரி பகுதியில் மட்டும். கணினியோடு பேசும் ‘டவுன்லோட் மோட்’ பூட்லோடருக்குள் இருக்கிறது. பூட்லோடரைத் தொடாத வரை, ரிக்கவரி எழுதும்போது என்ன தவறினாலும் டவுன்லோட் மோட் திறக்கும், மீண்டும் எழுதலாம். டேப்லெட்டை ஒரேயடியாகச் சாகடித்தவர்களில் பெரும்பாலோர் வேறு மாடலின் கோப்பை எழுதியவர்கள், அல்லது அவசியமில்லாமல் பூட்லோடரில் கை வைத்தவர்கள்.

இழப்பு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டி.டபிள்யூ.ஆர்.பி. எழுதிய கணத்தில் சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்பு அடையாளம் மாறிவிடும். டவுன்லோட் மோட் திரையில் ‘வாரன்டி வாய்டு’ என்ற வரியின் இறுதியில் 0 என்று இருப்பது 1 ஆகும். இது சிப்புக்குள் எரிக்கப்படும் குறி. பழைய மென்பொருளை மீண்டும் போட்டாலும் திரும்பாது. செக்யூர் ஃபோல்டர் போன்ற நாக்ஸை நம்பிய வசதிகள் அந்தக் கருவியில் இனி வேலை செய்யமாட்டா. வங்கிச் செயலிகள் பலவும் இத்தகைய கருவியில் இயங்க மறுக்கும். இயங்கினாலும் வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்த டேப்லெட்டுக்கு இது பெரிய இழப்பில்லை. ஆனால் வீட்டில் யாராவது பண வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். டேப்லெட்டை மேசை மேல் மல்லாத்தி வையுங்கள். ஆடாமல் படிய வேண்டும். பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் கருவியைச் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரியை மாற்றிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

மாடல் எண்: எழுத்துக்கு எழுத்து

‘டேப் ஏ’ என்ற பெயரை மட்டும் வைத்துக் கோப்பு தேடாதீர்கள். அந்தப் பெயரில் பல அளவுகளில், பல ஆண்டுகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிப்புகளுடன் டேப்லெட்டுகள் வந்திருக்கின்றன. டி580-க்கும் டி585-க்குமே கோப்பு வேறு. செட்டிங்ஸில் ‘அபவுட் டேப்லெட்’ பகுதியில் மாடல் எண் இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சடித்தும் இருக்கும். பழுதுபார்க்கும் இடத்தில் பின்மூடியை மாற்றியிருந்தால் அச்சை நம்ப முடியாது. அப்போது டவுன்லோட் மோட் திரையில் ‘புராடக்ட் நேம்’ வரியில் வருவதே இறுதித் தீர்ப்பு.

இரண்டு வகைக் கருவிகளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஒன்று, அமெரிக்கச் செல்பேசி நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்ற மாடல்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் பூட்லோடர் பூட்டியிருக்கும், திறக்க வழி இருக்காது. மற்றொன்று, மலிவு விலையில் விற்ற பெயர் தெரியாத டேப்லெட்டுகள். அவற்றுக்கென்று யாரும் டி.டபிள்யூ.ஆர்.பி. செய்திருக்கமாட்டார்கள். ‘கிட்டத்தட்ட இதே மாடல்தானே’ என்று இன்னொன்றின் கோப்பை எழுதுவது கருவியைக் கொல்லும் வழி.

வளைகுடாவிலிருந்து வந்த டேப்லெட் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. மாடல் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக் குறியீடு வேறாக இருக்கும். இந்தியாவுக்கு ஐ.என்.எஸ்., ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எக்ஸ்.எஸ்.ஜி., சவுதிக்கு கே.எஸ்.ஏ. டி.டபிள்யூ.ஆர்.பி. இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டி அசல் மென்பொருளைப் பதிவிறக்கும்போது அந்தக் குறியீடு தேவைப்படும். ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்து, தெரிவதையெல்லாம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜிங் துளை, கேபிள், மின்சாரம்

இந்தப் பகுதி வெளியூர் வழிகாட்டிகளில் இருக்காது. நம் மாவட்டத்துக்கு இது மிகவும் தேவை.

முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் உப்பு இருக்கிறது. உலோகம் எதுவும் அதற்குத் தப்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் மூடி இல்லாமல் கிடந்த டேப்லெட்டின் மைக்ரோ யுஎஸ்பி துளைக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பச்சை நிறத்தில் களிம்பு பூத்திருந்தால், சார்ஜ் ஏறினாலும் தகவல் போகாது. அந்தத் துளையில் மின்சாரத்துக்கு வேறு ஊசிகள், தகவலுக்கு வேறு ஊசிகள். ‘சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினி கண்டுகொள்ளவில்லை’ என்று கடற்கரைப் பக்கத்தவர்கள் சொன்னால் நான் மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் துளையைப் பார்க்கச் சொல்வேன்.

டேப்லெட்டை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். களிம்பு அரித்து ஊசிகளே போய்விட்டிருந்தால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ செல்பேசி பழுதுபார்ப்பவர்களிடம் சார்ஜிங் துளையை மாற்றிக்கொள்ளலாம். மலையோரத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு. ஆனால் ஈரம் அதிகம், துளையைப் பார்த்துவிடுவது நல்லது.

கேபிளும் தகவல் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சந்தையில் விற்கும் மலிவான கேபிள்களில் பல சார்ஜ் மட்டுமே ஏற்றும். சோதிப்பது எளிது: டேப்லெட் சாதாரணமாக ஓடும்போது கணினியில் இணையுங்கள். படங்கள் உள்ள கோப்புறை கணினியில் திறந்தால் கேபிளும் துளையும் சரி.

அடுத்தது மின்சாரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்து இடி மின்னலைச் சொல்லவே வேண்டாம். கோப்பு எழுதும் நடுவில் கணினி அணைந்தால் எழுதிய பகுதி அரைகுறையாக நிற்கும். ஆகவே யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியைத் தவிர்த்து, பேட்டரி தாங்கும் மடிக்கணினியில் செய்யுங்கள். இடி முழங்கும் நேரத்தில் மடிக்கணினியைச் சுவரில் செருகி வைக்காதீர்கள். தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதுவே இந்த வேலைக்குப் போதும். அதன் பேட்டரி இன்னும் கொஞ்ச நேரமாவது தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் விண்டோஸ் ஓட வேண்டும். கணினியிலிருந்து டேப்லெட்டில் கோப்பை எழுத நாம் பயன்படுத்தப்போகும் ஓடின் என்ற நிரல் விண்டோஸில் மட்டுமே இயங்கும். டேப்லெட்டில் குறைந்தது 60 விழுக்காடு சார்ஜ் இருக்கட்டும்.

திரும்பும் வழி முதலில்

கணினியில் ஒரு கோப்புறை உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் நின்று பதிவிறக்குவது பதற்றத்தைக் கூட்டும்.

முதலில் சேர்க்க வேண்டியது உங்கள் மாடலுக்கான அசல் மென்பொருள். ஏதாவது தவறினால் டேப்லெட்டைப் பிறந்த நிலைக்குக் கொண்டுவருவது இதுதான். ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். செல்பேசித் தரவில் இறக்கினால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும், இரவில் போட்டு வைப்பது நல்லது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டேப்லெட்டின் பில்ட் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடரின் பதிப்பைக் காட்டும். பில்ட் எண் ‘யு4சிஆர்கே5’ (U4CRK5) என்று முடிந்தால் பூட்லோடர் பதிப்பு 4. இதைவிடக் குறைந்த எண் கொண்ட அசல் மென்பொருளை டேப்லெட் ஏற்காது. சமமாகவோ கூடுதலாகவோ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. தேவைப்படும் நேரத்தில் தேடி அலைகிறார்கள். அசல் மென்பொருள் கையில் இல்லாமல் ரிக்கவரியைத் தொடக் கூடாது என்பேன், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாம்சங்கின் யுஎஸ்பி டிரைவர். அதை நிறுவி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். சாம்சங் கீஸ் அல்லது ஸ்மார்ட் சுவிட்ச் ஏற்கெனவே கணினியில் இருந்தால் முழுவதும் மூடிவிடுங்கள். அவை ஓடினோடு மோதும்.

மூன்றாவது ஓடின். இது சாம்சங் பழுதுபார்ப்பு நிலையங்களுக்கான கருவி, பொதுமக்களுக்கு நிறுவனம் தருவதில்லை. வெளியே பரவியிருக்கும் படிகளில் 3.13.1 பதிப்பு நம்பகமாக இயங்குகிறது. எங்கிருந்து எடுத்தாலும் வைரஸ் சோதனை செய்த பிறகே திறங்கள்.

நான்காவது டி.டபிள்யூ.ஆர்.பி. கோப்பு. அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் மாடல் வாரியாக இருக்கிறது. டி580-க்கு ‘ஜிடிஏஎக்ஸ்எல்வைஃபை’ (gtaxlwifi) என்ற குறிப்பெயர். ஒரே பதிப்பு இரண்டு வடிவங்களில் இருக்கும்: இமேஜ் கோப்பு, டார் கோப்பு. ஓடினுக்குத் தேவை டார்.

கடைசியாக ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை. 32 ஜிபி அளவுள்ளது போதும்.

டேப்லெட்டைத் தயார் செய்தல்

படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், தொடர்பு எண்கள் அனைத்தையும் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். பின்னால் டேட்டா பகுதியை அழிக்க வேண்டி வரலாம்.

பிறகு கூகுள் கணக்கை நீக்குங்கள். வேறொருவர் பயன்படுத்திய டேப்லெட் என்றால் இதில் அலட்சியம் வேண்டாம். ஆண்ட்ராய்டு 5.1 முதல், கணக்கை நீக்காமல் ரிக்கவரி வழியாக எல்லாவற்றையும் அழித்தால், மறுபடி தொடங்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். துபாயில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கில் பூட்டிய டேப்லெட்டை அவர் இல்லாமல் திறக்க முடியாது. அவர் தொடர்பில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

செட்டிங்ஸ், அபவுட் டேப்லெட், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று போய் ‘பில்ட் நம்பர்’ மீது ஏழு முறை தட்டுங்கள். ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்ற புதிய பகுதி தோன்றும். அதில் ‘ஓஇஎம் அன்லாக்’ என்பதை இயக்குங்கள். இந்த வயதுடைய சாம்சங் கருவிகளில் இதை இயக்குவதால் எதுவும் அழிவதில்லை. இயக்காமல் விட்டால் டவுன்லோட் மோட் நமது கோப்பை ‘எஃப்ஆர்பி லாக்’ (கணக்குப் பாதுகாப்புப் பூட்டு) என்று சொல்லித் தடுத்துவிடும். ஆண்ட்ராய்டு 4.4 உள்ள பழைய மாடல்களில் இந்த வரியே கிடையாது, அவற்றுக்கு இந்தப் படி தேவையில்லை.

ஆண்ட்ராய்டு 8 வந்த பிறகு சில சாம்சங் கருவிகளில் இந்த வரி மறைந்திருக்கும். டவுன்லோட் மோடில் ‘ஆர்எம்எம் ஸ்டேட்: பிரீநார்மல்’ என்று காட்டும். டேப்லெட்டை இணையத்தில் இணைத்து, ஏழு நாள்கள் அணைக்காமலும் மறுதொடக்கம் செய்யாமலும் விட்டால் வரி திரும்ப வரும். இந்தக் காத்திருப்பைக் குறுக்கு வழியில் தாண்ட முயல வேண்டாம்.

ஓடினில் எழுதுதல்

டேப்லெட்டை முழுவதும் அணையுங்கள். பவர், ஹோம், வால்யூம் டவுன் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். எச்சரிக்கைத் திரை வரும். வால்யூம் அப் அழுத்தினால் டவுன்லோட் மோட் திறக்கும். மூலையில் உள்ள சிறிய எழுத்துகளை இப்போது படியுங்கள். மாடல் எண் நீங்கள் நினைத்ததுதானா? எஃப்ஆர்பி லாக் ‘ஆஃப்’ என்று இருக்கிறதா? இரண்டில் ஒன்று சரியில்லையென்றால் பவரும் வால்யூம் டவுனும் அழுத்தி வெளியேறிவிடுங்கள். இதுவரை எதுவும் மாறவில்லை.

ஓடினை நிர்வாகி உரிமையோடு திறந்து, கேபிளை இணையுங்கள். மேலே ‘ஐடி:காம்’ பெட்டி நீல நிறமாகி, பதிவுப் பகுதியில் ‘ஆடெட்’ என்று வர வேண்டும். வராவிட்டால் மடிக்கணினியின் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

இப்போது ‘ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘ஆட்டோ ரீபூட்’ என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். காரணத்தை அடுத்து விளக்குகிறேன். ‘ரீபார்ட்டிஷன்’ குறி இருக்கவே கூடாது. பிறகு ‘ஏபி’ பொத்தானை அழுத்தி டி.டபிள்யூ.ஆர்.பி. டார் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘பிஎல்’, ‘சிபி’, ‘சிஎஸ்சி’ மூன்றும் காலியாகவே இருக்கட்டும். பிஎல் என்பது பூட்லோடர். நம்மைக் காப்பாற்றும் வாசல் அதற்குள்தான் இருக்கிறது, அதை இந்த வேலையில் தொட வேண்டியதில்லை.

‘ஸ்டார்ட்’ அழுத்துங்கள். சில விநாடிகளில் முடிந்து பச்சை நிறத்தில் ‘பாஸ்’ என்று வரும்.

‘பாஸ்’ வந்த பிறகு

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பாஸ் வந்த மகிழ்ச்சியில் டேப்லெட்டைச் சாதாரணமாகத் தொடங்கிவிடுவார்கள். அசல் ஆண்ட்ராய்டு எழுந்ததும் ரிக்கவரி பகுதியைச் சோதிக்கும், தன்னுடையது அங்கே இல்லை என்று கண்டால் தன் ரிக்கவரியை மீண்டும் எழுதிவிடும். டி.டபிள்யூ.ஆர்.பி. சுவடில்லாமல் போய்விடும். நாக்ஸ் குறி மட்டும் எரிந்ததுதான் மிச்சம். ஆட்டோ ரீபூட்டை எடுத்துவிடச் சொன்னது இதனால்தான். எழுதி முடித்த பிறகு முதல் தொடக்கமே ரிக்கவரிக்குள் போக வேண்டும்.

கேபிளைக் கழற்றுங்கள். பவர், ஹோம், வால்யூம் டவுன் மூன்றையும் மீண்டும் பிடியுங்கள். திரை கறுத்த அந்த நொடியில், பவரையும் ஹோமையும் விடாமல், வால்யூம் டவுனில் இருந்த விரலை வால்யூம் அப்புக்கு மாற்றுங்கள். சாம்சங் எழுத்து வரும். மேலே ‘ரிக்கவரி இஸ் நாட் எஸ்இ ஆண்ட்ராய்டு என்ஃபோர்சிங்’ என்று சிறிய எழுத்தில் வரலாம், அது பிழை இல்லை. சற்று நேரத்தில் டி.டபிள்யூ.ஆர்.பி. திரை வந்துவிடும்.

விரல் மாற்றத் தாமதமாகி ஆண்ட்ராய்டு தொடங்கிவிட்டால் பதற வேண்டாம். அணைத்துவிட்டு ஓடின் படியை மீண்டும் செய்யுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை

டி.டபிள்யூ.ஆர்.பி. முதலில் ஒரு கேள்வி கேட்கும்: சிஸ்டம் பகுதியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா? இப்போதைக்கு ‘கீப் ரீட் ஒன்லி’ என்பதைத் தொடுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் கருவியை உள்ளபடியே நகலெடுத்துவிட வேண்டும்.

மைக்ரோ எஸ்டி அட்டையைச் செருகி, ‘பேக்கப்’ பகுதியில் ‘செலக்ட் ஸ்டோரேஜ்’ வழியாக அதைத் தேர்ந்தெடுங்கள். பூட், சிஸ்டம், டேட்டா, இஎஃப்எஸ் நான்கையும் குறியிட்டு, கீழே உள்ள பட்டையை வலப்பக்கம் இழுங்கள். சிம் உள்ள டி585 வைத்திருப்பவர்கள் இஎஃப்எஸ்ஸை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. கருவியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ தொடர்பான தகவல்கள் அங்கே இருக்கின்றன. அது கெட்டால் சிம் வேலை செய்யாது. அசல் மென்பொருளைப் போட்டாலும் அது திரும்ப வருவதில்லை. இந்தப் பகுதி அளவில் மிகச் சிறியது. நகலை மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.

டேட்டா நகலில் செயலிகளும் அவற்றின் அமைப்புகளும் சேரும். உள் நினைவகத்தில் உள்ள படங்களும் காணொளிகளும் சேராது. அவற்றைத் தனியாக நகலெடுக்கச் சொன்னது அதனால்தான்.

டேட்டா பகுதி 0 எம்பி என்று காட்டினாலோ, கடவுச்சொல் கேட்டு ஏற்காமல் போனாலோ, அது குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அப்போது பூட், சிஸ்டம், இஎஃப்எஸ் மூன்றை மட்டும் நகலெடுங்கள். பிறகு ‘வைப்’ பகுதியில் ‘ஃபார்மட் டேட்டா’ தேர்ந்து, கேட்கும் இடத்தில் ‘யெஸ்’ என்று தட்டச்சு செய்ய வேண்டும். உள்ளே இருப்பது அனைத்தும் அழியும். முடிந்ததும் ‘ரீபூட்’, ‘ரிக்கவரி’ என்று மறுபடி டி.டபிள்யூ.ஆர்.பி.க்குள்ளேயே வாருங்கள். டேட்டாவின் உண்மையான அளவு இப்போது தெரியும்.

இனி எந்தப் பக்கம்

புதிய ஆண்ட்ராய்டு போடுவதாக இருந்தால், உங்கள் மாடலுக்கென்றே செய்த ஜிப் கோப்பை எஸ்டி அட்டையில் வைத்து, ‘வைப்’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு வைப்’ வழியாக சிஸ்டம், டேட்டா, கேஷ், டால்விக் நான்கையும் அழித்து, ‘இன்ஸ்டால்’ வழியாக நிறுவுங்கள். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் அந்தப் பொதியையும் முதல் தொடக்கத்துக்கு முன்பே நிறுவிவிட வேண்டும். இந்த டேப்லெட்டில் 2 ஜிபி ரேம்தான் இருக்கிறது. கூகுள் பொதியில் மிகச் சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. புத்தகம் படிக்கவும் காணொளி பார்க்கவும் மட்டும் என்றால் கூகுள் பொதி இல்லாமலே வேகமாக ஓடும்.

பழைய ஆண்ட்ராய்டே இருக்கட்டும், ரிக்கவரி மட்டும் மாறினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு படி கூடுதலாக இருக்கிறது. சாம்சங்கின் அசல் மென்பொருளில் ‘டிஎம் வெரிட்டி’ என்ற சோதனை உண்டு. சிஸ்டம் பகுதி மாறியிருப்பதைக் கண்டால் தொடங்க மறுக்கும். பூட் பகுதியைத் திருத்தும் மேஜிஸ்க் என்ற மென்பொருளை நிறுவினால் இந்தத் தடை நீங்கும். 22-ஆம் பதிப்பு முதல் மேஜிஸ்க் ஒரே கோப்பாகத்தான் வருகிறது. பெயரின் இறுதியில் உள்ள ‘ஏபிகே’ என்பதை ‘ஜிப்’ என்று மாற்றினால் டி.டபிள்யூ.ஆர்.பி. அதை நிறுவும். ‘மவுண்ட்’ பகுதியில் சிஸ்டத்தின் ரீட் ஒன்லி குறியை எடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

பின்னாளில் டி.டபிள்யூ.ஆர்.பி.யின் புதிய பதிப்பு வந்தால் கணினியே தேவையில்லை. இமேஜ் கோப்பை எஸ்டி அட்டையில் வைத்து, ‘இன்ஸ்டால்’, ‘இன்ஸ்டால் இமேஜ்’ என்று போய், ‘ரிக்கவரி’ பகுதியைத் தேர்ந்து எழுதினால் முடிந்தது. ‘பூட்’ என்ற வரி பக்கத்திலேயே இருக்கும், கை தவறி அதைத் தொட்டுவிடாமல் பாருங்கள்.

சாம்சங் எழுத்திலேயே நின்றுவிட்டால்

புதிய மென்பொருள் போட்ட முதல் தொடக்கம் பத்து நிமிடம் வரை எடுக்கலாம். கால் மணி நேரம் கடந்தும் அசையவில்லை என்றால் ரிக்கவரிக்குள் போய் ‘ரீஸ்டோர்’ வழியாக முதலில் எடுத்த நகலைத் திரும்ப வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ரிக்கவரியே திறக்கவில்லை என்றால் டவுன்லோட் மோடுக்குப் போய் அசல் மென்பொருளை ஓடினில் எழுத வேண்டும். ஜிப் கோப்பை விரித்தால் பிஎல், ஏபி, சிஎஸ்சி என்று தொடங்கும் கோப்புகள் கிடைக்கும். டி585 என்றால் சிபி கோப்பும் இருக்கும். அந்தந்தக் கோப்பை அந்தந்தப் பெட்டியில் வைக்க வேண்டும். பிஎல் பெட்டியை நிரப்புவது இந்த ஒரு சூழலில் மட்டும்தான். அதனால்தான் பூட்லோடர் பதிப்பு எண்ணை முன்பே சரிபார்க்கச் சொன்னேன். சிஎஸ்சி கோப்பு இரண்டு இருக்கும். ‘ஹோம் சிஎஸ்சி’ என்று தொடங்குவது உங்கள் தகவலை அழிக்காமல் வைத்துக்கொள்ள முயலும், மற்றது எல்லாவற்றையும் துடைத்துவிடும். சாம்சங் எழுத்தில் சிக்கி நின்ற கருவிக்கு இரண்டாவதே பொருத்தம், முதலாவதைப் போட்டால் பழைய சிக்கலும் கூடவே தங்கிவிடக்கூடும்.

இம்முறை ஆட்டோ ரீபூட் குறி இருக்கலாம். எழுதி முடிய சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கேபிளை அசைக்காமல், டேப்லெட்டை மேசையிலேயே விட்டுவிடுங்கள். பாஸ் வந்து தானாகத் தொடங்கி மொழி கேட்கும் திரை வந்ததும், வைஃபை இணைத்து மறுபடி ‘ஓஇஎம் அன்லாக்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே மீண்டும் முயலலாம்.